நெல் மூட்டை வரிசையும் ஒரு பிஎச்.டி.யும்: மன்னார்குடி அப்பாவுக்கு

ஐயா, உங்கள் மகள் பி.எஸ்சி. கணிதம் முடித்துவிட்டு 'ஆபரேஷன்ஸ் மேனேஜ்மென்ட்'டில் ஆராய்ச்சி செய்யப்போகிறேன் என்கிறாள். அது மேஸ்திரி வேலைக்கான படிப்பா என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லை. வேலை எங்கே தேங்குகிறது, எப்படிச் சீராக நடத்தலாம் என்று கணக்கோடு ஆராயும் படிப்பு அது. நீங்கள் பார்த்துப் பழகிய ஒன்றை வைத்தே சொல்கிறேன்.

சம்பா அறுவடையில் கொள்முதல் நிலையத்துக்குப் போகிறீர்கள். அங்கே நாளுக்கு 1,000 மூட்டை எடை போடுகிறார்கள், உங்களுக்கு முன் 6,000 மூட்டை கிடக்கிறது என்றால், 6 நாள் காத்திருக்க வேண்டும். வரிசையில் நிற்கும் அளவு, வரிசை நகரும் வேகம், காத்திருக்கும் நேரம் ஆகிய மூன்றையும் கட்டிப்போடும் இந்த உறவை 1961-இல் அமெரிக்கப் பேராசிரியர் ஜான் லிட்டில் நிறுவினார். இது எளிது. அடுத்ததுதான் விஷயம். மூட்டை வருவதும் எடை போடும் நேரமும் சீராக இல்லாத ஒற்றை வரிசையில், ஆளும் தராசும் 80 சதவீத நேரம் வேலையில் இருந்தால் சராசரியாக 4 பேர் இருப்பார்கள். 90 சதவீதமானால் 9 பேர், 95 ஆனால் 19 பேர். வேலை கொஞ்சம்தான் கூடியது, வரிசையோ ஏறக்குறைய ஐந்து மடங்காகிவிட்டது. 'தராசு ஒரு நிமிஷம்கூடச் சும்மா இருக்கக் கூடாது' என்று நினைக்கும் அதிகாரி அறியாமலே வரிசையை நீட்டுகிறார்.

இன்னொன்று. எடை போட்ட மூட்டையை குடோனுக்கு ஏற்ற லாரி வராவிட்டால், இரண்டாவது தராசு வாங்கியும் பயனில்லை. மூட்டை களத்தில் அடுக்கிக் கிடந்து மழையில் நனையும். அரிசி ஆலையிலும் இதே கதைதான். ஐப்பசி மழையில் புழுங்கல் நெல் காயவில்லை என்றால், ஊறவைக்கும் தொட்டியைப் பெரிதாக்கி என்ன செய்வது? எந்த இடத்தில் தேங்குகிறது என்று கண்டுபிடித்து, அதை மட்டும் சரி செய்வதுதான் இந்தத் துறையின் பாதி வேலை.

மீதிப் பாதி, தொழில் நன்றாக நடக்கிறதா, ஏன் என்று நிரூபிப்பது. இங்கேதான் பல ஆய்வுகள் சறுக்குகின்றன. ஒரே மேலாளரிடம் 'நவீன முறைகளைப் பின்பற்றுகிறீர்களா, லாபம் எப்படி' என்று 1 முதல் 5 வரை டிக் அடிக்கச் சொல்கிறார்கள். லாபத்தில் இருப்பவர் எல்லாவற்றுக்கும் 5 போடுவார். நட்டத்தில் மூடிய ஆலை கணக்கிலேயே வராது. நடைமுறையைத் தளத்தில் பார்த்துக் குறிக்க வேண்டும். லாபத்தை அடுத்த ஆண்டுக் கணக்குப் புத்தகத்திலிருந்து எடுக்க வேண்டும். 200 பேரிடம் கேள்வித்தாள் வாங்கினால் போதும் என்று சொல்லும் ஆய்வு வழிகாட்டியிடம் மகளைச் சேர்க்காதீர்கள்.

வழிக்கு வருவோம். மூன்றாண்டு பி.எஸ்சி.யோடு நேரே பிஎச்.டி. கிடைக்காது. புள்ளியியலிலோ, இதே சிக்கல்களைக் கணிதத்தால் தீர்க்கும் ஆபரேஷன்ஸ் ரிசர்ச்சிலோ முதுநிலை, அல்லது மேலாண்மை நுழைவுத் தேர்வான கேட் (CAT) எழுதி எம்.பி.ஏ., 55 சதவீதத்துக்குக் குறையாமல் முடிக்க வேண்டும். கணக்கில் பிடிப்புள்ள பெண்ணுக்கு முதலாவதே மேல் என்பது என் கருத்து. பிறகு தேசியத் தகுதித் தேர்வான நெட்டில் (NET) ஜே.ஆர்.எஃப். என்ற ஆராய்ச்சி உதவித்தொகை வாங்கினால் முதல் இரண்டு ஆண்டு மாதம் 37,000 ரூபாய், அதன்பின் 42,000. பக்கத்திலேயே திருச்சியில் என்.ஐ.டி. இருக்கிறது, 2011-இல் தொடங்கிய ஐ.ஐ.எம்.மும் இருக்கிறது. ஆனால் கல்லூரிப் பெயரைவிட வழிகாட்டி கடைசி ஐந்தாண்டில் என்ன எழுதினார் என்று பாருங்கள். காசு கொடுத்தால் ஒரு வாரத்தில் அச்சிடும் இதழ்களில் எழுதுபவர் வேண்டாம். முடிக்க நான்கைந்து ஆண்டு ஆகும். கல்யாணப் பேச்சை அதற்கேற்பத் திட்டமிடுங்கள். பேராசிரியர் வேலை மட்டுமல்ல, சரக்குப் போக்குவரத்து, இணைய விற்பனை, மருத்துவமனை என எல்லாரும் இந்தக் கணக்குத் தெரிந்தவர்களைத் தேடுகிறார்கள்.

பணம் கட்டும் முன் ஒரு சோதனை. வரும் குறுவை அறுவடையில் 30 நாள், அனுமதி வாங்கி, ஒவ்வொரு டோக்கனுக்கும் நான்கு நேரத்தைக் குறிக்கட்டும்: வந்தது, ஈரப்பதம் பார்த்தது, எடை போட்டது, லாரி ஏற்றியது. மழை பெய்த நாள், சாக்கு தீர்ந்த நாள், ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டியதால் திருப்பிய மூட்டை, இவற்றையும் ஓரத்தில் எழுதச் சொல்லுங்கள். பின்னால் கணக்கு உதைக்கும்போது காரணம் அந்த ஓரத்தில்தான் இருக்கும். பத்தாம் நாளே சலித்து நோட்டை மூடிவிட்டால், எம்.பி.ஏ.வோடு நிறுத்திக்கொள்ளலாம்.