கேம்பர்வேன் வாங்கி நியூசிலாந்தைச் சுற்றலாமா? வாசகர் கேள்வி–பதில்

சென்ற இதழில், வண்டிக்குள்ளேயே படுத்துறங்கி நியூசிலாந்தின் இரு தீவுகளையும் சுற்றிவருவதைப் பற்றி எழுதியிருந்தேன். "வாடகைக்கு எடுக்காமல் வண்டியை வாங்கியே விடுகிற பயணிகளும் இங்கே உண்டு" என்று அதில் போகிற போக்கில் ஒரு வரி வந்தது. மற்றதையெல்லாம் விட்டுவிட்டு அந்த ஒரு வரியைப் பற்றியே பலர் கேட்டிருக்கிறார்கள். அவர்களில் சிலருக்கு இங்கே பதில்.

கேள்வி: சுற்றுலா விசாவில் வருகிறவர் பெயரில் அங்கே வண்டியைப் பதிவு செய்ய முடியுமா? முடியவே முடியாது என்கிறார் என் நண்பர். – வாசகர், கோயம்புத்தூர்

முடியும். குடியுரிமையோ நிரந்தர வசிப்புரிமையோ இதற்குத் தேவையில்லை. உங்கள் வயதும் அடையாளமும் தெரியும்படியான பாஸ்போர்ட்டும், நியூசிலாந்துக்குள் ஒரு முகவரியும் இருந்தால் போதும். நியூசிலாந்து ஓட்டுநர் உரிமம் வைத்திருப்பவர்கள் பெயர் மாற்றத்தை இணையத்திலேயே முடித்துவிடுவார்கள். அந்த உரிமம் இல்லாத பயணி, போக்குவரத்து முகமையின் சார்பாகச் செயல்படும் தபால் நிலையக் கடைகளிலோ வண்டிச் சோதனை மையங்களிலோ நேரில் சென்று, எம்.ஆர்.13பி என்ற படிவத்தை நிரப்பி, பாஸ்போர்ட்டைக் காட்டிக் கட்டணம் செலுத்த வேண்டும். கட்டணம் சிறு தொகைதான். வரிசையில் ஆள் இல்லையென்றால் பத்து நிமிடத்தில் வெளியே வந்துவிடலாம். படிவம் 29, படிவம் 30, வேறு வட்டாரமென்றால் என்.ஓ.சி. என்று ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்கு நடந்து பழகிய நமக்கு, இவ்வளவுதானா என்ற சந்தேகமே வந்துவிடும். நம்பர் பிளேட்டும் மாறாது. அது வண்டியோடேயே போகும்.

முகவரி விஷயத்தில் மட்டும் அலட்சியம் வேண்டாம். தங்கும் விடுதியின் முகவரியைக் கொடுத்துவிட்டு மறுநாளே தெற்கே கிளம்பிவிடுகிற பயணிகள் அநேகம். பதிவுச் சான்று, அபராத நோட்டீஸ், சுங்கக் கட்டண நினைவூட்டல் எல்லாமே அந்த முகவரிக்குத்தான் வரும். நியூசிலாந்தின் சுங்கச் சாலைகளில் சாவடி கிடையாது. கேமரா உங்கள் எண்ணைப் படமெடுத்துக்கொள்ளும், நீங்கள் ஐந்து நாளுக்குள் இணையத்தில் கட்டிவிட வேண்டும். கட்டாவிட்டால் வரும் கடிதத்தைப் பிரித்துப் பார்க்க ஓர் ஆள் வேண்டும் அல்லவா? உறவினரோ நண்பரோ அங்கே இருந்தால், அவர்களிடம் சொல்லிவிட்டு அவர்கள் வீட்டு முகவரியைக் கொடுப்பதே நல்லது.

வண்டி உங்கள் பெயரில் இருப்பதற்கும் விசாவுக்கும் யாதொரு தொடர்பும் இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். வண்டி விற்கவில்லை என்று காரணம் காட்டி ஒரு நாள்கூடக் கூடுதலாகத் தங்க முடியாது.

கேள்வி: பதிவுச் சான்றில் என் பெயர் வந்துவிட்டால் வண்டி சட்டப்படி என்னுடையதுதானே? பிறகு எதற்குப் பயப்பட வேண்டும்? – வாசகி, திருச்சி

இல்லை, அம்மா. இந்தப் பகுதிக்கு வந்த கேள்விகளிலேயே மிக முக்கியமானது இதுதான் என்பேன். நியூசிலாந்தின் வாகனப் பதிவேட்டில் இருப்பது "பதிவு பெற்ற நபர்" என்ற பெயர் மட்டுமே. அந்த வண்டிக்கு அபராதம் வந்தால் யாரைக் கேட்பது, வண்டியைச் சாலையில் ஓட்டுவதற்கான உரிமக் கட்டணத்துக்கு யார் பொறுப்பு என்பதைத்தான் அது காட்டும். வண்டி யாருக்குச் சொந்தம் என்பதற்கு அது சாட்சியம் அல்ல. நம் ஊரில் பழைய வண்டி வாங்குகிறவர் ஆர்.சி. புக்கைப் புரட்டி, ஹைப்போதிகேஷன் என்ற இடத்தில் ஏதாவது வங்கியின் பெயர் இருக்கிறதா என்று பார்ப்பார். அங்கே பதிவுச் சான்றை எவ்வளவு நேரம் உற்றுப் பார்த்தாலும் கடன் இருப்பது தெரியவராது.

கடன் விவரம் இருப்பது வேறொரு பதிவேட்டில். பி.பி.எஸ்.ஆர். என்று அதைச் சுருக்கிச் சொல்வார்கள். அசையும் சொத்துகளின் மீது யார் யாருக்கு உரிமை இருக்கிறது என்பதைக் காட்டும் அரசுப் பதிவேடு அது. வண்டி எண்ணையோ சேஸிஸ் எண்ணையோ கொடுத்துச் சில நியூசிலாந்து டாலர் செலவில் இணையத்திலேயே தேடலாம். தனியாரிடம் வாங்கிய வண்டியின் மீது அங்கே கடன் பதிவாகியிருந்தால், விற்றவர் தவணை கட்டத் தவறும்போது கடன் கொடுத்த நிறுவனம் உங்களிடமிருந்தே வண்டியை எடுத்துக்கொண்டு போகலாம். நீங்கள் முழுப் பணமும் கொடுத்தவர் என்பதோ, பதிவேட்டில் உங்கள் பெயர் இருப்பதோ அப்போது உதவாது. பதிவு பெற்ற வாகன வணிகரிடம் வாங்கினால் இந்தக் கவலை இல்லை. கடனற்ற வண்டியாக உங்களுக்குக் கொடுப்பது அவர் பொறுப்பு. அதோடு, 1993-ஆம் ஆண்டின் நுகர்வோர் உத்தரவாதச் சட்டமும் வணிகரிடம் வாங்கியவருக்குத் துணை நிற்கும், சக பயணியிடம் வாங்கியவருக்கு நிற்காது.

ஆகவே, கையில் பணத்தை எடுப்பதற்கு முன்பே, விற்பவரின் முன்னிலையில், அவருடைய பாஸ்போர்ட்டிலுள்ள பெயரையும் பதிவிலுள்ள பெயரையும் ஒப்பிட்டுப் பாருங்கள், பி.பி.எஸ்.ஆர். தேடலை அங்கேயே செய்யுங்கள். இதைச் செய்யவிடாமல் அவசரப்படுத்துகிறவர் வண்டி எனக்கு வேண்டாம். விலை, தேதி, ஓடோமீட்டர் எண், இருவர் கையெழுத்து ஆகியவை அடங்கிய ஒரு தாளையும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

கேள்வி: "வாரண்ட் போன வாரம்தான் எடுத்தது, கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம்" என்கிறார் ஒருவர். அந்த வாரண்ட் நம் ஊர் எஃப்.சி. மாதிரியா? – வாசகர், மதுரை

ஏறக்குறைய அப்படித்தான். டயர், பிரேக், விளக்கு, சீட் பெல்ட், ஸ்டீயரிங், வண்டியின் உடற்கூட்டைப் பலவீனப்படுத்தும் துரு ஆகியவற்றைப் பார்த்து, சாலையில் ஓடத் தகுதியானது என்று சோதனை மையம் தரும் சான்றுதான் வாரண்ட். விற்பனையின்போது அது ஒரு மாதத்துக்குள் எடுத்ததாக இருக்க வேண்டும் என்பது விதி; "இருப்பது இருந்தபடியே வாங்குகிறேன்" என்று வாங்குபவர் எழுத்தில் ஒப்புக்கொண்டால் மட்டுமே விலக்கு.

ஆனால் இன்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் அந்தச் சான்று எந்த உறுதியும் தராது. பயணிகள் கைமாற்றிக்கொள்ளும் வண்டிகளில் பெரும்பாலானவை டொயோட்டா எஸ்டிமா, ஹையேஸ், நிஸ்ஸான் செரீனா போன்ற ஜப்பானிய இறக்குமதிகள். சாவியைத் திருப்பியதும் ஒரு பெண்குரல் ஜப்பானிய மொழியில் ஏதோ சொல்லும். சுங்க அட்டையைச் செருகவில்லை என்று அந்த நாட்டு நெடுஞ்சாலைக் கருவி நினைவூட்டுகிறது, அது பழுதல்ல. ரேடியோவும் 90 மெகாஹெர்ட்ஸுக்கு மேல் ஏறாது. இவற்றையெல்லாம் சிரித்துவிட்டு விட்டுவிடலாம். இன்ஜின் ஆயில் மூடியின் அடியில் பால்காப்பி நிறத்தில் பிசுக்கு இருந்தாலோ, மெத்தைக்கடியிலுள்ள தரைப்பலகையைத் தூக்கினால் ஈரவாடை அடித்தாலோ சிரித்துவிட்டு விட முடியாது. சுமார் 200 டாலர் செலவில், விற்பவருக்குச் சம்பந்தமில்லாத ஒரு மையத்தில் வாங்குவதற்கு முந்தைய சோதனை என்று தனியாகக் கேட்டுச் செய்துகொள்ளுங்கள். 8,000 டாலர் போடுகிற இடத்தில் 200 டாலரை மிச்சம் பிடிப்பது சிக்கனம் ஆகாது.

கேள்வி: டீசல் வண்டி வாங்கினால் எரிபொருள் செலவு குறையும் என்று கணக்குப் போட்டிருக்கிறேன். சரிதானா? – வாசகர், சேலம்

பம்ப்பில் பார்த்தால் குறையும். ஆனால் பெட்ரோல் விலைக்குள்ளேயே சாலை வரி அடங்கியிருக்கிறது, டீசலில் அது இல்லை. அதற்குப் பதிலாக டீசல் வண்டிக்காரர் 1,000 கிலோமீட்டர் கணக்கில் சாலைப் பயன்பாட்டுக் கட்டணத்தை முன்கூட்டியே வாங்கி வைக்க வேண்டும். அங்கே ஆர்.யு.சி. என்பார்கள். 3.5 டன்னுக்கு உட்பட்ட வண்டிக்கு ஆயிரம் கிலோமீட்டருக்கு 76 டாலர், அதன்மேல் சிறு சேவைக் கட்டணம்.

இதில் நானே ஒரு முறை அடிபட்டிருக்கிறேன். முதன்முதலில் வாங்கிய டீசல் வேனின் முன்கண்ணாடியில் ஆர்.யு.சி. சீட்டு ஒழுங்காக ஒட்டியிருந்தது. ஒட்டியிருக்கிறதே என்று திருப்தியடைந்தேனே தவிர, எத்தனையாவது கிலோமீட்டர் வரை கட்டியிருக்கிறது என்று அதில் அச்சிட்டிருந்த முடிவு எண்ணை ஓடோமீட்டரோடு ஒப்பிட்டுப் பார்க்கத் தோன்றவில்லை. வண்டி அந்த எண்ணைத் தாண்டி நாலாயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர் ஓடியிருந்தது. புதிய சீட்டு வாங்கப் போனபோதுதான் தெரிந்தது: அடுத்த சீட்டு, பழைய சீட்டு முடிந்த எண்ணிலிருந்துதான் தொடங்கும். விற்றவர் ஓட்டிய தூரத்துக்கும் நான் கட்டினேன்; இன்றைய விகிதத்தில் 300 டாலருக்கு மேல் ஆகும். அவர் அதற்குள் விமானம் ஏறிவிட்டார். விலை பேசும்போதே இந்த இரண்டு எண்களையும் பார்த்துவிட்டு, பாக்கி இருந்தால் விலையில் கழித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: விளம்பரங்களில் "செல்ஃப் கன்டெய்ன்ட்" என்று போட்டிருந்தால் விலை ஆயிரம் இரண்டாயிரம் டாலர் கூடுகிறது. ஒரு கழிப்பறைக்கு இவ்வளவு விலையா? – வாசகி, பெங்களூரு

கழிப்பறை முதலிய வசதிகள் உள்ளேயே இருக்கின்றன என்று சான்று பெற்ற வண்டிதான் "செல்ஃப் கன்டெய்ன்ட்". அந்தக் கழிப்பறையை வைத்துத்தான் நீங்கள் இரவில் எங்கே படுக்கலாம் என்பது முடிவாகிறது. உள்ளாட்சி நிலங்களில் கட்டணமின்றித் தங்க, பொதுவாக வண்டி இந்தச் சான்று பெற்றதாக இருக்க வேண்டும். விதியை மீறினால் அபராதம் 400 டாலரிலிருந்து தொடங்கும்.

முன்பெல்லாம் மெத்தைக்கடியில் ஒரு பெட்டிக் கழிப்பறையைச் செருகி வைத்துவிட்டு, அன்றைய சான்றான நீலச் சீட்டை ஒட்டிக்கொண்டார்கள். அந்தக் கழிப்பறையை யாரும் பயன்படுத்தவில்லை, புதர்களுக்குள்தான் ஒதுங்கினார்கள் என்று ஊர்க்காரர்கள் கொதித்தெழுந்தார்கள். 2023 ஜூனில் நடைமுறைக்கு வந்த சட்டம், கழிப்பறை வண்டியோடு நிலையாகப் பொருத்தப்பட்டிருக்க வேண்டும் என்றது. படுக்கையை விரித்த நிலையிலும் அதைப் பயன்படுத்த முடிய வேண்டும். இப்படித் தேறிய வண்டிக்குத் தருவது பச்சை நிறச் சான்று. நான்கு ஆண்டுகள் செல்லும். பிளம்பர்களுக்கும் எரிவாயுப் பணியாளர்களுக்குமான வாரியம் இதை மேற்பார்வையிடுகிறது. வண்டி எண்ணைக் கொண்டு அதன் பதிவேட்டில் சரிபார்க்கலாம். நீலச் சீட்டை ஒரு தகுதியாகவே எண்ணாதீர்கள், அதற்காகக் கூடுதல் விலையும் கொடுக்காதீர்கள்.

பார்க்கப் போகும்போது கூச்சப்படாமல் ஒன்று செய்யுங்கள். கதவைச் சாத்தி, படுக்கையை முழுதாக விரித்து, அதன்பின் அந்தக் கழிப்பறையில் உட்கார முடிகிறதா என்று பாருங்கள். என் நண்பர் ஒருவர் இப்படிப் பார்த்ததில், முழங்கால் கதவில் இடித்துக் கதவு திறந்துகொண்டது. வெளியே நின்றிருந்த விற்பவரின் முகத்தைப் பார்த்தபடி விலை பேச வேண்டியதாயிற்று. சான்றில் எத்தனை பேருக்கு என்று குறிப்பிட்டிருப்பதையும் கவனியுங்கள். இருவருக்கான வண்டியில் மூவர் படுத்தால், அன்றிரவு அந்தச் சான்று இல்லாததற்குச் சமம்.

கட்டணம் செலுத்தும் முகாம்களிலேயே தங்குவது என்று முடிவு செய்தவருக்கு இந்தச் சான்று தேவைப்படாது. இயற்கைப் பாதுகாப்புத் துறையின் எளிய முகாம்கள் குறைந்த செலவில் கிடைக்கின்றன.

கேள்வி: இன்ஷூரன்ஸ் கட்டாயமா? – வாசகர், யாழ்ப்பாணம்

சட்டப்படி கட்டாயமில்லை; நம் பக்கத்து நாடுகளிலிருந்து போகிறவர்களுக்கு இது வியப்பாக இருக்கும். விபத்தில் காயமடைபவரின் சிகிச்சையை, சுற்றுலாப் பயணியாகவே இருந்தாலும், ஏ.சி.சி. என்ற அரசுத் திட்டம் ஏற்றுக்கொள்கிறது. நீங்கள் இடித்த காரை அது ஏற்காது. விலையுயர்ந்த வண்டியின் பின்புறத்தில் மோதினால், உங்கள் வேனின் விலையைப்போல் பல மடங்கைக் கைப்பணத்திலிருந்து கொடுக்க நேரலாம். மூன்றாம் நபர் காப்பீடாவது எடுக்காமல் சாவியைத் திருப்பாதீர்கள்.

கேள்வி: தமிழ்நாட்டு லைசென்ஸ் செல்லுமா? – வாசகர், ஈரோடு

செல்லும். ஆங்கிலத்தில் உள்ள, காலாவதியாகாத உரிமமாக இருந்தால், வந்து இறங்கிய நாளிலிருந்து ஓராண்டுக்குக் குறையாமல் ஓட்டலாம். அசல் அட்டை கையில் இருக்க வேண்டும். இடப்பக்கம் ஓட்டும் நாடு என்பதால் நமக்குச் சிரமம் குறைவு. ஒற்றைத் தடப் பாலங்களில் மட்டும் பலகையைக் கவனியுங்கள். உங்கள் திசைக்குரிய அம்பு சிறியதாகச் சிவப்பில் இருந்தால், எதிரே வருபவருக்கு வழிவிட வேண்டியவர் நீங்கள்தான்.

கேள்வி: ஆறு வாரப் பயணம். வாங்கி விற்பதில் உண்மையிலேயே லாபம் இருக்கிறதா? – வாசகர், சென்னை

ஆறு வாரத்துக்கு நான் வாங்க மாட்டேன். வாங்க ஒரு வாரம், விற்க ஒரு வாரத்துக்கும் மேல் என்று வைத்துக்கொண்டால் சுற்றுவதற்கு நாலு வாரம்கூட மிஞ்சாது. மூன்று மாதத்துக்கு மேல் தங்குகிறவருக்குத்தான் இந்தக் கணக்கு ஒத்துவரும். அங்கே கோடைக்காலம் டிசம்பரில் தொடங்குவதால் நவம்பர், டிசம்பரில் எல்லோரும் வாங்க வருவார்கள், விலை ஏறும். மார்ச், ஏப்ரலில் எல்லோரும் ஒரே சமயத்தில் விற்க நிற்பார்கள். விமான டிக்கெட்டின் தேதி நெருங்க நெருங்க உங்கள் விலை இறங்கிக்கொண்டே வருவது வாங்குபவருக்கும் தெரியும்.

விற்றது எவ்வளவுக்காக இருந்தாலும், விற்ற விவரத்தை நீங்களும் தனியாகத் தெரிவிக்க வேண்டும்; விற்பவருக்கான படிவம் எம்.ஆர்.13ஏ. வாங்கியவர் பார்த்துக்கொள்வார் என்று விட்டுவிட்டால், அவர் பெயர் மாற்றாத நாள்வரை அபராதமும் உரிமக் கட்டணமும் உங்கள் பெயரில்தான் ஏறும். வண்டி ஓடாமல் கிடந்தாலும், விலக்குப் பெறாத வரை உரிமக் கட்டணம் சேர்ந்துகொண்டே போகும். விற்பனையை உறுதிப்படுத்தும் அறிவிப்பைப் படமெடுத்து வைத்துக்கொண்டு, வாங்கியவர் பெயர் மாற்றிவிட்டாரா என்பதை விமானம் ஏறுவதற்கு முன்பே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.