தலைவர் பதவியா, வார்டா?

அன்புள்ள சார்,

புதுக்கோட்டை மாவட்டத்தில் ஒரு சின்ன ஊராட்சி எங்களுடையது. ஊரிலேயே ட்யூஷன் எடுக்கிறேன், எந்தக் கட்சியிலும் இல்லை. அடுத்த உள்ளாட்சித் தேர்தலில் தலைவர் பதவிக்கு நிற்க ஆசை. “கையில் பத்து லட்சம் இல்லாமல் அந்தப் பக்கம் போகாதே” என்கிறார் அப்பா. சாதாரண ஆள் நிற்கவே முடியாதா?

ம.

அன்புள்ள ம.,

தாராளமாக நிற்கலாம். 21 வயது நிறைந்து, அந்த ஊராட்சி வாக்காளர் பட்டியலில் பெயரும் இருந்தால் போதும். தலைவர், வார்டு உறுப்பினர் இரண்டுக்கும் கட்சிச் சின்னம் கிடையாது. 2019 தேர்தலில் தலைவர் பதவிக்கு டெபாசிட் 600 ரூபாய், செலவு உச்சவரம்பு 34,000.

அதற்காக அப்பா சொல்வது பொய் என்று நினைக்காதீர்கள். கவரும் பிரியாணியும் எந்தக் கணக்கிலும் ஏறுவதில்லை. சில ஊர்களில் கோயில் திருப்பணிக்கு யார் அதிகம் தருகிறாரோ அவருக்கே பதவி என்று ஏலம் விட்டு, போட்டியே இல்லாமல் முடித்துவிடுகிறார்கள். சாமி பெயரைச் சொன்னால் யாரும் வாய் திறக்க மாட்டார்கள் என்ற தைரியம்தான்.

என்னைக் கேட்டால் முதலில் வார்டுக்கு நில்லுங்கள். ‘வெறும் மெம்பர்’ என்று ஊரில் இளக்காரமாகப் பேசுவார்கள், பேசட்டும். துணைத் தலைவரைத் தேர்ந்தெடுப்பது வார்டு உறுப்பினர்கள்தான், தங்களுக்குள்ளிருந்தே. ஊராட்சிக் கணக்கிலிருந்து பணம் எடுக்கத் தலைவரோடு அந்தத் துணைத் தலைவரும் கையெழுத்துப் போட வேண்டும். முடிவு வந்த கையோடு துணைத் தலைவர் தேர்தலுக்கு நடக்கிற பேரத்தைப் பார்த்தவர்களுக்கு அந்தக் கையெழுத்தின் மதிப்பு தெரியும். (தனித் தொகுதியில் ஜெயித்த பட்டியலினத் தலைவர்களை, கையெழுத்துப் போடாமலே முடக்கிய துணைத் தலைவர்களும் உண்டு. அப்படி ஒருவராக வேண்டாம்.)

வார்டில் சில நூறு ஓட்டுதான். 2019இல் உறுப்பினருக்கான செலவு வரம்பே 9,000 ரூபாய். உங்களிடம் படிக்கிற பிள்ளைகளின் அப்பா அம்மாக்களே அதில் கணிசமாக இருப்பார்கள். ஒரே ஓட்டில் ஜெயித்தவர்களும், சமமாகிக் குலுக்கலில் தோற்றவர்களும் இந்த மட்டத்தில்தான் இருக்கிறார்கள். அதனால் சென்னையிலும் திருப்பூரிலும் வேலை பார்க்கும் பையன்களை ஓட்டுப் போட வரவைப்பது முக்கியம்.

அதற்கு முன் கிராம சபைக்குப் போங்கள். ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 பழைய நாட்கள், மார்ச் 22உம் நவம்பர் 1உம் பின்னால் சேர்ந்தவை. வரவு செலவை வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். தெருவிளக்குக்கும் மோட்டார் ரிப்பேருக்கும் எவ்வளவு போகிறது என்று தெரியாமல் ஓட்டுக் கேட்டு என்ன பயன்?

உங்கள் வார்டு பெண்களுக்கா, பட்டியலினத்துக்கா, பொதுவா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். தலைவர் பதவிக்கும் அப்படித்தான், ஒதுக்கீடு சுழற்சியில் மாறும்.

பணத்தைவிடச் சிரமமானது வாபஸ் நாள். எதிரில் நிற்பவர் அநேகமாக உங்கள் பெரியப்பா மகனாகவோ மாமாவின் சகலையாகவோ இருப்பார். “சொந்தத்துக்குள்ள எதுக்கு?” என்று பெரியவர்கள் வீட்டுக்கு வருவார்கள். காபி கொடுங்கள், மரியாதையாகப் பேசுங்கள், வாபஸ் படிவத்தில் மட்டும் கையெழுத்துப் போடாதீர்கள்.

அப்புறம், தோற்றாலும் செலவுக் கணக்கை 30 நாளுக்குள் ஒப்படைத்துவிடுங்கள். விட்டால் மூன்று வருஷம் நிற்க முடியாதபடி தகுதி நீக்கம் வரும்.