கவாய் தீவுல ஃப்ரெண்ட்ஸோட கலலாவ் ட்ரெக்: கேளுங்க, சொல்றேன்

வணக்கம் மக்களே. ஹவாய்ல குடியிருக்கேன், கவாய் தீவோட வடக்கு கரையில இருக்கற கலலாவ் ட்ரெயிலுக்கு ஒவ்வொரு கோடையிலயும் ஃப்ரெண்ட்ஸ கூட்டிட்டு போயிட்டு வர்ற ஆளு. இந்த வருஷம் நிறைய பேர் கேங்கா போறதுக்கு ப்ளான் போடறீங்கன்னு தெரியுது, அதனால மொத்தமா ஒரே இடத்துல கேளுங்க, தெரிஞ்சத சொல்றேன்.

தென்காசி சிவா: அண்ணா, முதல்ல இது என்ன ட்ரெயில், எவ்ளோ தூரம், நம்ம மேற்குத்தொடர்ச்சி மலையில சுத்துன அனுபவம் போதுமா?

தம்பி, கே'ஏ பீச்ல ஆரம்பிச்சு கலலாவ் பீச் வரைக்கும் ஒருவழி 11 மைல், அதாவது 17.7 கிலோமீட்டர். போன வழியிலயே திரும்பி வரணும், வேற ரோடே கிடையாது. நா பாலி கரைன்னு சொல்ற இடம் இது, மலை நேரா கடலுக்குள்ள இறங்கும், அந்த மலையோட இடுப்புல ஒரு ஒத்தையடிப்பாதை. தூரத்த பாத்து 11 மைல்தானேன்னு நினைக்காதீங்க, பள்ளத்தாக்கு ஒவ்வொண்ணா இறங்கி ஏறி இறங்கி ஏறி போறதால சமதளத்துல 20 மைல் நடந்த மாதிரி கால் கெஞ்சும். முதல் 2 மைல்ல ஹனகாபியாய் பீச், அங்கேருந்து வளைஞ்சு வளைஞ்சு 800 அடி ஏத்தம், 6வது மைல்ல ஹனகோவா, 7வது மைல் கிட்ட க்ராலர்ஸ் லெட்ஜ்னு ஒரு பாறை விளிம்பு, அப்புறம் செம்மண் சரிவு, அதுக்கப்புறம்தான் கலலாவ். நம்ம ஊர் மலையில முதுகுல பை மாட்டிட்டு ரெண்டு நாள் நடந்த பழக்கம் இருந்தா உடம்பு தாங்கும். மலைய விட மழையும் ஓடையும்தான் இங்க பிரச்சினை, அத கீழ சொல்றேன்.

ராஜி_போர்ட்லேண்ட்: பெர்மிட் கிடைக்கவே மாட்டேங்குதே அக்கா/அண்ணா? எப்போ ட்ரை பண்ணணும்?

அண்ணாதான். ஹனகாபியாய் பள்ளத்தாக்க தாண்டி ஒரு அடி வைக்கணும்னாலும் கேம்பிங் பெர்மிட் வேணும். வெளியூர்க்காரங்களுக்கு ஒரு ஆளுக்கு ஒரு ராத்திரிக்கு 35 டாலர், அதிகபட்சம் 5 ராத்திரி. 90 நாளுக்கு முன்னாடி ஹவாய் நேரம் நடுராத்திரிக்கு அந்தந்த தேதி திறக்கும், கோடை மாசம்னா கொஞ்ச நிமிஷத்துல காலி. போர்ட்லேண்ட்ல கோடைன்னா உங்களுக்கு அது விடியக்காலை 3 மணி, இந்தியாவுல இருந்து போடறவங்களுக்கு மத்தியானம் 3:30. அலாரம் வெச்சு எழுந்திரிங்க, எல்லாரோட பேரும் ஐடி விவரமும் ஒரு இடத்துல எழுதி வெச்சுக்கோங்க, தேட ஆரம்பிச்சீங்கன்னா போச்சு. பாதையில ரேஞ்சர் கேப்பாங்க, பெர்மிட்டும் ஐடியும் ஆளுக்கு ஒண்ணு கையில இருக்கணும்.

பார்க்கிங்க மறந்துடாதீங்க. ராத்திரி கார் நிறுத்த, ட்ரெயில் ஆரம்பிக்கற ஹாஏனா பார்க்ல தனி புக்கிங், இடம் ரொம்ப கம்மி. அது கிடைக்கலன்னா ஷட்டில்ல போங்க, அதுதான் நிம்மதியும் கூட.

கொங்கு ட்ராவலர்: ப்ரோ எந்த மாசம் பெஸ்ட்? டிசம்பர்ல ஆபீஸ் லீவு இருக்கு, போலாமா?

டிசம்பர்ல வேண்டாம் ப்ரோ. மே-லேருந்து செப்டம்பர் வரைக்கும் போங்க. குளிர்காலத்துல வடக்கு கரையில அலை வீடு உயரத்துக்கு எழும்பும், ஹனகாபியாய் பீச்ல மணலே இருக்காது, அலை எல்லாத்தையும் வாரிட்டு போயிடும், வெறும் பாறைதான் தெரியும். மழையும் அப்போதான் ஜாஸ்தி. இந்த தீவுக்கு நடுவுல வையாலேஆலேன்னு ஒரு மலை உச்சி, உலகத்துலயே ரொம்ப மழை பெய்யற இடங்கள்ல ஒண்ணு, அந்த தண்ணி எல்லாம் சுத்தி இருக்கற பள்ளத்தாக்கு வழியாத்தான் கடலுக்கு போகணும். 2018 ஏப்ரல்ல இதே வடக்கு கரையில வைப்பாங்கற இடத்துல 24 மணி நேரத்துல 49.69 இன்ச் மழை, அமெரிக்காவுக்கே அது ரெக்கார்டு. ரோடு எல்லாம் மண்சரிவுல போய் ட்ரெயில் ஒரு வருஷத்துக்கும் மேல மூடியே கிடந்தது.

மலர்விழி: ஓடை தாண்டறது பத்தி எல்லாரும் பயமுறுத்தறாங்க. நீச்சல் தெரியாது எனக்கு. 5 பேர் போறோம், கூட வர்றவங்க எல்லாம் "நாங்க புடிச்சுக்கறோம் வா"ன்னு சொல்றாங்க.

மலர், உங்க கேள்விக்குத்தான் நான் இந்த பதிவே போட்டேன்னு வெச்சுக்கோங்க. மூணு பெரிய ஓடை இருக்கு: ஹனகாபியாய், ஹனகோவா, கடைசியில கலலாவ். வெயில் நாள்ல கல்லுக்கு கல் தாவி செருப்பு கூட நனையாம போயிடலாம். ஆனா உங்க தலைக்கு மேல வெயில் அடிச்சிட்டு இருக்கும்போதே மேல மலையில மழை கொட்டும், அது உங்களுக்கு தெரியவே தெரியாது. கவனிக்க வேண்டியது இதுதான்: தெளிவா இருந்த தண்ணி டீ கலர்ல மாறும், இலையும் குச்சியும் மிதந்து வரும், சத்தம் மாறும், கொஞ்ச நேரம் முன்னாடி வறண்டு இருந்த கல்லோட தலை ஈரமாகும். இதுல ஒண்ணு பாத்தாலும் ஓடைய விட்டு விலகி மேட்டுக்கு ஏறிடுங்க. 2014 ஏப்ரல்ல ஹனகாபியாய்ல இப்படி திடீர்னு தண்ணி ஏறி நூத்துக்கும் மேற்பட்டவங்க ஒரு பக்கம் மாட்டி, ஹெலிகாப்டர் வெச்சு காப்பாத்துனாங்க.

"நாங்க புடிச்சுக்கறோம்"ங்கறது அன்புதான், ஒத்துக்கறேன், ஆனா வேகமா ஓடற தண்ணி முழங்காலுக்கு மேல போச்சுன்னா கைய புடிச்சவரும் சேந்துதான் போவாரு. வீட்டுலேருந்து கெளம்பறதுக்கு முன்னாடியே 5 பேரும் உக்காந்து ஒண்ணு பேசி முடிங்க: யாரு ஒருத்தர் "வேண்டாம்"னு சொன்னாலும் மொத்த கேங்கும் நிக்கும், காரணம் கேக்க கூடாது, அப்புறம் கேலி பண்ண கூடாது. நான் யாரோட போனாலும் இத சொல்லி ஒத்துக்கிட்டாத்தான் போறது. மழை நின்னா பெரும்பாலும் சில மணி நேரத்துல தண்ணி வடிஞ்சிடும், அதுக்காகத்தான் ஒருநாள் சாப்பாடு எக்ஸ்ட்ராவா வெச்சுக்க சொல்றது. ஃப்ளைட்ட கலலாவ்லேருந்து திரும்பற அன்னிக்கே போடாதீங்க, ஃப்ளைட்டுக்கு லேட்டாகுதுன்னு ஓடைக்குள்ள கால் வெக்கற நிலைமை யாருக்கும் வரக்கூடாது.

தண்ணிக்குள்ள இறங்கும்போது பேக்கோட இடுப்பு பெல்ட்டையும் நெஞ்சு பெல்ட்டையும் கழட்டி விட்டுடுங்க. விழுந்தா பைய உதறிட்டு மேல வரணும்.

சேலம்_ஜெய்: க்ராலர்ஸ் லெட்ஜ் வீடியோ பாத்தேன், எனக்கு உயரம்னா பயம். முடியுமா?

பாதை காஞ்சிருந்தா முடியும் ஜெய். பாதை அங்க ஒரு ஆள் அகலம், ஒரு பக்கம் பாறைச்சுவர், இன்னொரு பக்கம் நேரா கடல். நிறைய பேர் தவழ்ந்து போறாங்க, அதுல ஒரு வெக்கமும் இல்ல. மலைப்பக்கம் கைய வெச்சு, பைய ஒல்லியா கட்டி, வெளிப்பக்கம் ஸ்லீப்பிங் மேட் எதுவும் துருத்தாம பாத்துக்கிட்டா போதும். ஈரமா இருந்தா, காத்து அடிச்சா, நில்லுங்க. ஹனகோவாவுல ஒரு ராத்திரி தங்கி காலையில முடிவு பண்ணுங்க, கலலாவ் பெர்மிட் இருக்கறவங்க அங்க தங்கலாம், தொடர்ந்து ரெண்டு ராத்திரி மட்டும் கூடாது. அங்கேயே திரும்பி வந்தாலும் பாதி நா பாலிய பாத்தாச்சு, அது சின்ன விஷயம் கிடையாது.

அபி: தண்ணி குடிக்க கிடைக்குமா? வாட்டர் கேன் தூக்கணுமா?

தூக்க வேண்டாம், ஓடைத்தண்ணி இருக்கு. ஆனா அப்படியே குடிக்காதீங்க. நம்ம ஊர்ல எலிக்காய்ச்சல்னு சொல்வோமே, லெப்டோஸ்பைரோசிஸ், அது ஹவாய் ஓடைகள்ல உண்டு, எலி, பன்னி, ஆடு மூத்திரத்துலேருந்து வர்றது. கொதிக்க வைங்க, இல்ல ஃபில்டர் பண்ணி மாத்திரையும் போடுங்க. வாய் வழியா மட்டும் இல்ல, கால்ல புண் இருந்தா அது வழியாவும் ஏறும், அதனால காயத்த மூடிட்டு ஓடையில இறங்குங்க. ஊருக்கு வந்து ரெண்டு மூணு வாரம் கழிச்சு கூட காய்ச்சல் வரலாம், அப்போ டாக்டர்கிட்ட "ஹவாய்ல ஓடையில இறங்குனேன்"னு கண்டிப்பா சொல்லிடுங்க, சொல்லலன்னா அவருக்கு தோணவே தோணாது.

கொங்கு ட்ராவலர்: சாப்பாடு? நாங்க 3 பேர் சுத்த சைவம்.

கவலையே இல்ல. ரவா உப்புமா மிக்ஸ், அவல், சத்துமாவு, வறுத்த கடலை, புளிக்காய்ச்சல் ஒரு சின்ன டப்பா. அவல ஊற வெச்சு புளிக்காய்ச்சல் கலந்துட்டா அடுப்பே வேண்டாம், கலலாவ் மணல்ல உக்காந்து அத சாப்பிட்டா அமிர்தம். கேஸ் கேனிஸ்டர் ஃப்ளைட்ல ஏத்த விட மாட்டாங்க, தீவுல வாங்கிக்கோங்க. பச்சை கறிவேப்பிலை, பழம், செடி எதுவும் கொண்டு வந்தா ஹவாய் விவசாயத்துறைகிட்ட சொல்லியாகணும், பேசாம பொடியா கொண்டு வாங்க. ஷூவையும் தேய்ச்சு கழுவிட்டு வாங்க, இங்க ஓஹியாங்கற மரத்த ஒரு பூஞ்சை கொன்னுட்டு இருக்கு, மண்ணு ஒட்டுன ஷூ வழியாவும் அது பரவும். ட்ரெயில் வாசல்ல ப்ரஷ் வெச்சிருந்தா அத ஒழுங்கா யூஸ் பண்ணுங்க, ரெண்டு நிமிஷம்தான்.

வழி நெடுக நமக்கு தெரிஞ்ச மரம்தான். தாழை புதர் புதரா இருக்கும், நாவல்பழம் கீழ கொட்டி பாதையே ஊதா கலர்ல வழுக்கும் (பாத்து நடங்க), கொய்யா, மாங்கா, நம்ம நுணா குடும்பத்து மரம் ஒண்ணு, அதுக்கு இங்க நோனின்னு பேரு. ஊருக்குள்ள வந்ததும் 'போய்'னு (poi) ஒரு சாப்பாடு இருக்கு, கேட்டு சாப்பிடுங்க, சேப்பங்கிழங்க வேகவெச்சு இடிச்சு களி மாதிரி பண்றது, ஹவாய் மக்களோட உயிர் சாப்பாடு அது.

வரலாறு பிரியன்: கலலாவ்ல முன்னாடி ஜனங்க வாழ்ந்தாங்களா சார்?

நல்லா கேட்டீங்க சார். நூத்துக்கணக்கான வருஷம் வாழ்ந்தாங்க. பள்ளத்தாக்குக்குள்ள போனா கல்லு அடுக்கி கட்டுன சேம்பு வயல் வரப்பு இன்னும் மரத்துக்கு நடுவுல படி படியா நிக்குது, சுண்ணாம்பு சிமெண்ட் எதுவும் கிடையாது, வெறும் கல்லு. பழைய வழிபாட்டு இடங்களும் உண்டு. அந்த கல்லு ஒண்ண கூட நகத்தாதீங்க, டென்ட்டுக்கு முட்டு குடுக்க எடுக்காதீங்க.

தொழுநோய் வந்தவங்கள மொலோகாய் தீவுக்கு அனுப்பிட்டு இருந்த காலத்துல கோ'ஓலாவ்னு ஒருத்தர், பொண்டாட்டிய விட்டுட்டு தனியா போக மாட்டேன்னுட்டாரு. மனைவி பி'இலானி, சின்ன பையன், மூணு பேரும் கலலாவ்ல ஒளிஞ்சாங்க. 1893ல புடிக்க வந்த அதிகாரிய சுட்டுட்டாரு, அப்புறம் பீரங்கியோட சிப்பாய்ங்க வந்தும் புடிக்க முடியல. பையனும் அவரும் அங்கேயே நோயில செத்து, அவங்கள தன் கையால புதைச்சிட்டு பி'இலானி மட்டும் தனியா மலையேறி வெளிய வந்தாங்க. கூட போற ஃப்ரெண்ட்ஸுக்கு இந்த கதைய கட்டாயம் சொல்லுங்க. அது தெரிஞ்சு போனா அந்த இடத்துல யாரும் குப்பை போட மாட்டாங்க.

ராஜி_போர்ட்லேண்ட்: திரும்பி வர்றப்ப போட் இருக்குன்னு யாரோ சொன்னாங்களே? அப்புறம் போன் சிக்னல்?

போட்ல ஆள் ஏத்தறது இறக்கறது அங்க சட்டப்படி தப்பு ராஜி, யாராவது பீச்ல வந்து காசு கேட்டா ஏறாதீங்க. சிக்னல் சுத்தமா கிடையாது. சேட்டிலைட்ல மெசேஜ் அனுப்பற கருவி கேங்குக்கு ஒண்ணாவது வேணும், ஆனா செங்குத்து மலை வானத்த மறைக்கறதால மெசேஜ் போக நேரம் புடிக்கும். அப்புறம் கடல்: ஹனகாபியாய்ல கால் நனைக்கற ஆசை வேண்டாம். அலைய தடுக்க பவளப்பாறை கிடையாது, இழுவை பயங்கரம், அங்க நிறைய பேர் செத்திருக்காங்க. கலலாவ்ல பீச்சுக்கு பக்கத்துலயே அருவி இருக்கு, அங்க குளிங்க, கல்லு விழற சுவர் ஓரமா டென்ட் மட்டும் போடாதீங்க.

அபி: ட்ரெக் முடிஞ்சு ஒருநாள் இருக்கு, எங்க போலாம்?

வைலுவா பக்கம் சைவ மடம் இருக்கு அபி, அங்க போங்க. யாழ்ப்பாணத்து யோகர் சுவாமிகிட்ட 1949ல தீட்சை வாங்குன ஒரு அமெரிக்கர், சிவாய சுப்பிரமுனிய சுவாமி, 1970ல ஆரம்பிச்சது. இறைவன் கோயில் முழுக்க வெள்ளை கருங்கல், பெங்களூரு பக்கத்துல சிற்பிங்க உளி சுத்தியல் வெச்சு கையாலயே செதுக்கி கப்பல்ல வந்தது, 2023 மார்ச்ல கும்பாபிஷேகம். உள்ள 700 பவுண்டு எடையில ஸ்படிக லிங்கம். முன்கூட்டி புக் பண்ணிட்டு, வேட்டியோ முழு பேண்ட்டோ கட்டிட்டு போங்க. பசிபிக் நடுவுல தேவாரம் காதுல விழறப்ப, ரெண்டு நாள் மழையில நனைஞ்சு நடந்த களைப்பெல்லாம் எங்க போகும்னே தெரியாது.

மலர்விழி: அண்ணா திரும்ப நான்தான். 5 பேர்ல 4 பேருக்குத்தான் பெர்மிட் கிடைச்சுது. அஞ்சாவது ஆள் பெர்மிட் இல்லாம வந்தா பரவாயில்லையா?

வேண்டாம் மலர், புடிச்சா அபராதம், கோர்ட்டு, எல்லாம் அமெரிக்காவுல விசாவுல இருக்கறவங்களுக்கு தேவையில்லாத தலைவலி. கேன்சல் ஆகற இடம் சில சமயம் புக்கிங் வெப்சைட்ல திரும்ப வரும், காலையும் ராத்திரியும் பாருங்க. கடைசி வரைக்கும் கிடைக்கலன்னா 5 பேரும் சேந்து ஹனகாபியாய் அருவி வரைக்கும் ஒருநாள் நடைய போடுங்க, போக வர 8 மைல், கேம்பிங் பெர்மிட் வேண்டாம், ஹாஏனா என்ட்ரி புக்கிங் இருந்தா போதும், அது 30 நாள் முன்னாடி திறக்கும். 300 அடி அருவி, நேர் கீழ போய் நிக்காம தள்ளி உக்காந்து பாருங்க. உங்க தேதிய சொல்லுங்க, கேன்சலேஷன் வருதான்னு நானும் பாக்கறேன்.