ஆடிக்கு முன்னால பத்திரம் முடிஞ்சது, பணம் எங்கே?

கேள்வி: அண்ணாச்சி, அம்மா வழியில் எனக்கு வந்த பாளையங்கோட்டை வீட்டை 42 லட்சத்துக்கு விற்றேன். 10 லட்சம் அக்கவுண்டில் வந்துவிட்டது. மீதி 32 லட்சம் வாங்குபவரின் வீட்டுக் கடனிலிருந்து வரும் என்றார்கள். ஆடி பிறந்துவிடக் கூடாது என்று ஆனி கடைசி வாரத்திலேயே பத்திரம் பதிந்தோம். இப்போது ஆவணி பாதி. வாங்கியவர் அத்தை வழிச் சொந்தம், "பேங்க்ல இருந்து வரணும் மதினி" என்கிறார். பேங்கில் கேட்டால் நீங்கள் எங்கள் கஸ்டமர் இல்லை என்கிறார்கள். பத்திரத்தை ரத்து பண்ணிவிடலாமா? தாய்ப் பத்திரமும் சாவியும் என்னிடம்தான் இருக்கின்றன. (பெருமாள்புரம் வாசகி)

பதில்: ரத்து என்ற யோசனையை முதலில் விடுங்கள் தங்கச்சி. பதிவான கிரயத்தை ஒரு தரப்பு மட்டும் போய் ரத்து செய்ய முடியாது, இரண்டு பேரும் வந்து கையெழுத்துப் போட வேண்டும். கோர்ட்டுக்குப் போனாலும், தொகையில் பாக்கி இருக்கிறது என்பதற்காகக் கிரயம் செல்லாமல் போகாது, பாக்கியைக் கேட்டுத்தான் வழக்குப் போட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2020-ல் சொல்லியிருக்கிறது.

ஆனால் தாய்ப் பத்திரத்தைக் கொடுக்காமல் வைத்திருக்கிறீர்களே, அதுதான் உங்கள் பலம். 1882-ம் வருடச் சொத்துரிமை மாற்றுச் சட்டம் 55-வது பிரிவுப்படி முழுத் தொகையும் கைக்கு வந்த பிறகுதான் மூலப் பத்திரங்களை ஒப்படைக்க வேண்டிய கடமை உங்களுக்கு. அதோடு, பாக்கிப் பணத்துக்கு அந்த வீடே ஈடாக நிற்கிறது என்றும் அதே பிரிவு சொல்கிறது.

சரி, பணம் எங்கே நிற்கிறது? பெரும்பாலும் முடிச்சு இங்கேதான் விழும்: பணம் வந்தால் தாய்ப் பத்திரம் என்று நீங்கள் காத்திருக்கிறீர்கள், தாய்ப் பத்திரம் வந்தால்தான் பணம் என்று பேங்க் காத்திருக்கிறது, வீடு பெயருக்கு வந்துவிட்டதால் நடுவில் இருப்பவருக்கு அவசரமே இல்லை. அதனால் அவரையும் கூட்டிக்கொண்டு அந்தக் கிளைக்கே போய், கடன் பிரிவு அதிகாரி முன்னால் உட்கார்ந்து, என்னென்ன பாக்கி என்று எழுதித் தரச் சொல்லுங்கள். கடன் அவர் பெயரில் இருப்பதால் கேட்க வேண்டியவர் அவர்தான், பக்கத்தில் நீங்கள் இருக்க வேண்டும். வழிகாட்டி மதிப்புத் தகராறில் சார்பதிவாளர் ஆபீஸ் பத்திரத்தை பெண்டிங்கில் வைத்திருந்தால் ஒரிஜினலே வெளியே வந்திருக்காது. புதிய கிரயம் ஏறிய வில்லங்கச் சான்று கேட்பார்கள். பெயர்கூடச் சிக்கல் பண்ணும், பத்திரத்தில் இனிஷியல் முன்னால் இருந்து பாஸ்புக்கில் அப்பா பெயர் முழுசாகப் பின்னால் இருந்தால் டிடி எடுக்காமல் நிறுத்தி வைத்துவிடுவார்கள்.

எல்லாம் சரியானதும் அந்த மேஜையிலேயே டிடியை வாங்கிப் பெயரும் தொகையும் பார்த்துவிட்டு, அப்புறம் தாய்ப் பத்திரத்தைக் கொடுங்கள். முன்னாலேயே வேண்டும் என்று பேங்க் பிடிவாதம் பிடித்தால், பத்திர எண்களைக் குறிப்பிட்டு சீல் வைத்த ஒப்புகை இல்லாமல் கொடுக்காதீர்கள்.

கிரயப் பத்திரத்தை இன்றைக்கே எடுத்து வாசியுங்கள். 32 லட்சம் வங்கிக் கடன் மூலம் வரும் என்று இருந்தால் நல்லது. "முழுத் தொகையும் பெற்றுக்கொண்டேன்" என்று இருந்தால், பாக்கியை ஒப்புக்கொண்டு அவரிடம் உடனே ஒரு கடிதம் வாங்குங்கள், குறைந்தது வாட்ஸ்அப்பிலாவது. சொந்தக்காரரிடம் எப்படிக் கேட்பது என்று கூசாதீர்கள், இது உங்கள் அம்மா வைத்துவிட்டுப் போன வீட்டுப் பணம்.

சாவியைப் பொறுத்தவரை சட்டம் அவ்வளவு துணைக்கு வராது, வீடு இப்போது அவருடையது. ஆவணியில் பால் காய்ச்ச வேண்டும் என்று வந்து நின்றால், கடிதத்தோடு பாக்கித் தொகைக்கு ஒரு செக்கும் வாங்கிக்கொண்டு கொடுங்கள். செக்கில் போட்ட தேதியிலிருந்து மூன்று மாதத்துக்குள் வங்கியில் போட்டுவிட வேண்டும். திரும்பினால், தகவல் வந்த 30 நாளுக்குள் நோட்டீஸ் அனுப்ப வேண்டும், அதைப் பெற்ற 15 நாளில் அவர் பணம் தராவிட்டால் அடுத்த ஒரு மாதத்துக்குள் கோர்ட்டில் புகார் கொடுக்கலாம். சாவி கொடுத்த நாளிலிருந்து பாக்கிக்கு வட்டி கேட்கவும் 55-வது பிரிவில் இடம் இருக்கிறது.

இதற்கும் அசையவில்லை என்றால் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். பெண்களுக்கு வருமானம் எவ்வளவு இருந்தாலும் சட்ட உதவி இலவசம். மூன்று வருடம் தாண்டவிட வேண்டாம், அவர் மேல் நேரடியாக வழக்குப் போட அதுதான் கெடு.

ஆடிக்குப் பயந்து டிடி தயாராகும் முன்னாலேயே கையெழுத்துப் போடும் குடும்பங்களை நினைத்தால் எனக்கு மனசு பொறுக்கவில்லை. ஆடிப் பெருக்கன்று பத்திரம் பதிகிறவர்கள் எத்தனையோ பேர், அதுவும் நல்ல நாள்தானே.

கேள்வி: வீட்டை விற்பதற்காகக் கடனை முழுசாக அடைத்துவிட்டோம். பேங்க் ஒரிஜினல் பத்திரத்தைத் தராமல் இழுக்கிறது, வாங்குபவர் அட்வான்ஸைத் திருப்பிக் கேட்கிறார். (வள்ளியூர் வாசகர்)

பதில்: கடன் முடிந்த 30 நாளுக்குள் பத்திரம் உங்கள் கைக்கு வர வேண்டும், தாண்டினால் நாள் ஒன்றுக்கு 5,000 ரூபாய் பேங்க் உங்களுக்குத் தர வேண்டும் என்பது 2023 டிசம்பர் 1 முதல் ரிசர்வ் வங்கியின் விதி. தொலைத்துவிட்டோம் என்றால் நகல் எடுக்க உதவி செய்வதும் அந்தச் செலவும் அவர்கள் பொறுப்பு, அதற்கு மட்டும் இன்னும் 30 நாள் அவகாசம் உண்டு. இந்த விதியைக் குறிப்பிட்டு மேலாளருக்கு எழுத்தில் கொடுத்து, நகலில் தேதியோடு சீல் வாங்குங்கள். ஒரு மாதத்தில் பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளரிடம் புகார் செய்யலாம், கட்டணம் கிடையாது. சீல் வைத்த நகலை வாங்குபவரிடமும் காட்டுங்கள், தாமதம் உங்களால் இல்லை என்று அவருக்கும் தெரியட்டும்.