பஸ் கேட்டுப் போனவர்கள் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

சட்டக் கல்லூரியில் நான்காம் ஆண்டு படிக்கிறேன். அமெரிக்கப் பள்ளிகளில் நிறப் பிரிவினை செல்லாது என்று சொன்ன 1954 தீர்ப்பைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். லிண்டா பிரவுன் என்ற சிறுமிக்காக அவள் அப்பா போட்ட வழக்கு வரலாற்றை மாற்றியது என்று எங்கள் வகுப்பிலும் சொன்னார்கள். எனக்கு ஒரு நெருடல். கறுப்பின வக்கீல்கள் 1930களிலேயே வழக்குகளைத் தொடங்கிவிட்டார்கள். ஆனால் பதினைந்து வருடத்துக்கும் மேல் சட்டக் கல்லூரியில் இடம் கொடு, ஆசிரியருக்குச் சமமான சம்பளம் கொடு என்றுதான் கேட்டார்கள். பிரிப்பதே தவறு என்று முதல் நாளே கேட்டிருக்கலாமே? அதற்குள் ஒரு தலைமுறைப் பிள்ளைகள் ஒழுகும் கொட்டகைகளில் படித்து முடித்துவிட்டார்கள். கோழைத்தனம் என்று எழுதக் கை கூசுகிறது, ஆனால் வேறு சொல் கிடைக்கவில்லை.

ர.
கோவை

அன்புள்ள ர,

வகுப்பில் சொன்னதை முதலில் கொஞ்சம் திருத்திக்கொள்ளுங்கள். அது ஒரு வழக்கு அல்ல, ஐந்து. கான்சாஸ், தென் கரோலினா, வர்ஜீனியா, டெலவேர், தலைநகர் வாஷிங்டன். பிரவுன் வழக்கு வந்த கான்சாஸ் தெற்கு மாநிலம் அல்ல, அதனால் அந்தப் பெயர் முன்னால் நின்றதில் ஒரு வசதி இருந்தது: இது வெறும் தெற்கத்தி மாநிலங்களின் தகராறு என்று யாரும் ஒதுக்க முடியாது. உண்மையில் உச்ச நீதிமன்றப் படியை முதலில் ஏறியது தென் கரோலினா வழக்கு. உங்கள் கேள்விக்கான பதிலும் பெரும்பாலும் அங்கேதான் கிடக்கிறது.

1896இல் 'தனித்தனி, ஆனால் சமம்' என்பதை உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது ஒரு ரயில் பெட்டி வழக்கில். ஏழு நீதிபதிகள் ஒரு பக்கம், ஜான் மார்ஷல் ஹார்லன் ஒருவர் மட்டும் மறுபக்கம். ரயிலுக்குச் சொன்னதைப் பள்ளிக்கூடத்துக்கும் இழுத்துக்கொண்டார்கள். 1927இல் மிசிசிப்பியில் ஒரு சீன மளிகைக் கடைக்காரர் தன் மகளை வெள்ளையர் பள்ளியில் சேர்க்கக் கேட்டுப் போனார். அவளை வெள்ளையரல்லாதோர் பள்ளிக்கு அனுப்பியது சரிதான் என்று நீதிபதிகள் எல்லோரும் ஒருமனதாக எழுதிவிட்டார்கள். நீங்கள் சட்டம் படிப்பவர். தோற்ற வழக்கு வீட்டோடு போவதில்லை, எதிராளி கையில் முன்தீர்ப்பாகப் போய்ச் சேரும். 1935இல் நேராக மோதியிருந்தால் அந்தச் சுவரில் இன்னொரு வரிசைச் செங்கல்தான் ஏறியிருக்கும்.

ஹோவர்டு பல்கலைக்கழகத்தில் ஒரு தலைமுறை வக்கீல்களை உருவாக்கிய சார்லஸ் ஹாமில்டன் ஹூஸ்டன் அதனால்தான் 'சமம்' என்ற சொல்லைப் பிடித்தார். சமம் என்றாயே, எங்கே காட்டு. இதற்குச் சட்டக் கல்லூரியைத் தேர்ந்தது சாமர்த்தியம். பெரும்பாலான தெற்கு மாநிலங்களில் கறுப்பினத்தவருக்கு அப்படி ஒரு கல்லூரியே கிடையாது. ஒப்பிட ஒன்றுமில்லாத இடத்தில் சமம் என்று சாதிக்க முடியாது. இன்னொன்று, தீர்ப்பு எழுதுபவர்கள் சட்டம் படித்து வந்தவர்கள். சட்டக் கல்லூரி என்றால் என்ன என்று அவர்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

ஹூஸ்டனும் அவருடைய மாணவர் தர்குட் மார்ஷலும் மேரிலாந்தில் 1936இல் ஜெயித்தார்கள். 1938இல் மிசௌரி வழக்கு. 'பக்கத்து மாநிலத்தில் போய்ப் படி, கட்டணத்தை நாங்கள் தருகிறோம்' என்றது மாநில அரசு. செல்லாது என்றது உச்ச நீதிமன்றம். அந்த வழக்கின் வாதி லாயிட் கெயின்ஸ் அந்தக் கல்லூரிக்குள் நுழையவே இல்லை. 1939 மார்ச்சில் ஓர் இரவு, சிகாகோவில், தபால் தலை வாங்கி வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனவர். அதன் பிறகு அவரை யாரும் பார்க்கவில்லை. சட்டப் புத்தகங்களில் அவர் பெயர் வரும்போதெல்லாம் எனக்கு அந்தத் தபால் தலைதான் ஞாபகம் வருகிறது.

1950இல் ஒரே நாளில் இரண்டு தீர்ப்புகள். டெக்சாஸில் ஹெமன் ஸ்வெட் என்ற தபால்காரர் சட்டம் படிக்க வந்தார். அவருக்காக அரசு அவசர அவசரமாக ஒரு தரைத்தளத்தில் சில அறைகளைப் பிடித்துக் 'கல்லூரி' என்று பெயர் வைத்தது. அறையையும் புத்தகத்தையும் எண்ணலாம். ஒரு கல்லூரியின் பெயரையும், அங்கே படித்துப் போனவர்களின் செல்வாக்கையும் எப்படி எண்ணுவது? எண்ண முடியாததும் கணக்கில் சேரும் என்றது நீதிமன்றம்.

இரண்டாவது, ஓக்லஹோமா. ஜார்ஜ் மெக்லாரின், அறுபதைத் தாண்டிய ஆசிரியர், முனைவர் பட்டத்துக்குப் படிக்க வருகிறார். சேர்த்துக்கொண்டார்கள். எங்கே உட்கார வைத்தார்கள் தெரியுமா? வகுப்பை ஒட்டிய ஒரு சிற்றறையில். அங்கிருந்து எட்டிப் பார்த்துப் பாடம் கேட்க வேண்டும். நூலகத்தில் எல்லோரும் படிக்கும் கூடத்தில் இடமில்லை, இடைமாடியில் ஒரு தனி மேசை. உணவகத்திலும் ஒரு தனி மேசை, அதற்கும் தனி நேரம். அதே பேராசிரியர், அதே பாடம், அதே புத்தகம். சமம் இல்லை என்று எதைச் சுட்டிக்காட்டுவீர்கள்? ஆனாலும் இது செல்லாது என்றார்கள் நீதிபதிகள். சக மாணவரோடு பேசி, விவாதித்து, கருத்தைப் பரிமாறிக்கொள்வதும் படிப்புதான், அது அவருக்குத் தடுக்கப்பட்டது என்று எழுதினார்கள். நீங்கள் வீண் என்று நினைக்கும் வருடங்களின் விளைச்சல் இது. ஹூஸ்டன் இதைப் பார்க்கவில்லை, ஒன்றரை மாதம் முன்னால் காலமானார்.

இனி தென் கரோலினா, கிளாரண்டன் மாவட்டம். அங்கே யாரும் அரசியல் சட்டத்தைத் திருத்தப் புறப்படவில்லை, ஒரு பஸ் கேட்டார்கள். வெள்ளைப் பிள்ளைகளுக்கு 30 பஸ்கள், கறுப்பினப் பிள்ளைகளுக்கு ஒன்றுகூட இல்லை. பெற்றோர்களே காசு போட்டு ஒரு பழைய வண்டியை வாங்கினார்கள். பெட்ரோலுக்காவது பணம் கொடுங்கள் என்று கேட்டதற்கும் கல்வி வாரியம் கையை விரித்தது. லீவை பியர்சன் என்ற விவசாயி வழக்குப் போட்டார். அவர் நிலம் இரண்டு பள்ளி வட்டாரங்களின் எல்லையில் கிடந்தது, வரி கட்டியது இந்த வட்டாரத்தில் அல்ல என்று 1948இல் வழக்கு விழுந்தது. அதற்குள் கடைக்காரர்களும் வங்கியும் அவருக்குக் கடன் கொடுப்பதை நிறுத்தியிருந்தார்கள். அறுவடை இயந்திரம் வாடகைக்குத் தரவும் ஆளில்லை.

அடுத்த மனுவை ஜோசப் டிலெய்ன் என்ற பாதிரியார் ஊர் ஊராகப் போய்க் கையெழுத்து வாங்கித் தயாரித்தார். இப்போது பஸ் மட்டும் அல்ல, கட்டடம், ஆசிரியர், எல்லாம் சமமாக வேண்டும். அந்த வருடம் அங்கே ஒரு வெள்ளைப் பிள்ளைக்கு 179 டாலர் செலவழித்தார்கள், ஒரு கறுப்பினப் பிள்ளைக்கு 43. கையெழுத்துப் போட்டவர்களில் ஹாரி பிரிக்ஸ் ஒரு பெட்ரோல் பங்க் ஊழியர், போரில் கடற்படையில் இருந்தவர். 1949 கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் முதலாளி அவருக்கு ஒரு பெட்டி சிகரெட் பரிசு கொடுத்தார், அதோடு வேலையிலிருந்தும் நீக்கினார். ஒரு விடுதியில் வேலை பார்த்த அவர் மனைவி எலிசாவுக்கும் வேலை போயிற்று. உங்கள் கடிதத்தில் உள்ள அந்தச் சொல்லை இவர்கள் கையெழுத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

1950 நவம்பரில் நீதிபதி வேட்டிஸ் வேரிங் முன் மார்ஷல் நின்றபோதும் கையில் இருந்தது சமத்துவம் கேட்கும் வழக்குதான். வேரிங், வெள்ளையர், சார்ல்ஸ்டனின் பழங்குடும்பத்தவர், சுற்றி வளைக்காமல் பிரிவினையையே எதிர்த்துக் கேள் என்று தூண்டினார். நம் கோர்ட் வராண்டாக்களில் சொல்வார்களே, கேட்காத பரிகாரம் கிடைக்காது என்று, அதேதான். மார்ஷல் தயங்கினார். பிறகு வழக்கைத் திரும்பப் பெற்றுப் புதிதாகப் போட்டார். மூன்று நீதிபதிகள் விசாரிப்பார்கள், தோற்றால் நேரே உச்ச நீதிமன்றம்.

1951 மே 28, விசாரணையின் முதல் நாள். எதிர்த்தரப்பு வக்கீல் ராபர்ட் ஃபிக் எழுந்து, ஆமாம், இங்கே பள்ளிகள் சமமாக இல்லை, அரசு சரிசெய்யப் போகிறது என்று தானாகவே ஒப்புக்கொண்டார். கவர்னர் பர்ன்ஸ் அதற்காக விற்பனை வரியே போட்டிருந்தார். முந்தைய வழக்கு நிலுவையில் இருந்திருந்தால் அன்றே கதை முடிந்திருக்கும். கேட்டது கிடைத்தது, வீட்டுக்குப் போ. பரிகாரத்தை மாற்றியிருந்ததால்தான் வழக்கு உயிரோடு நின்றது. ஆனால் எல்லாவற்றையும் சமமாக்கினாலும் பிரிப்பதே ஊறு என்று வாதாட ஓர் ஆதாரம் வேண்டுமே? அதற்கு மெக்லாரினின் சிற்றறை கையில் இருந்தது. கறுப்பினப் பிள்ளைகளிடம் வெள்ளைப் பொம்மையையும் கறுப்புப் பொம்மையையும் காட்டி எது நல்லது என்று கேட்ட, உளவியலாளர் கென்னத் கிளார்க்கின் பொம்மைச் சோதனையும் இருந்தது. அது அறிவியலாக எவ்வளவு தாங்கும் என்பதில் எனக்குச் சந்தேகம் உண்டு, மார்ஷலின் கூட்டாளிகளிலேயே சிலர் கேலி செய்தார்கள். எனக்குச் சிற்றறை போதும்.

சார்ல்ஸ்டனில் இரண்டுக்கு ஒன்று என்று தோற்றார்கள், அந்த ஒன்று வேரிங். 1953 செப்டம்பரில் தலைமை நீதிபதி வின்சன் இறந்து, ஏர்ல் வாரன் வந்து, 1954 மே 17 அன்று ஒன்பது பேரும் ஒரே குரலில் சொன்ன கதை உங்களுக்குத் தெரியும்.

கோபப்பட வேண்டும் என்றால் அதற்குப் பிறகு நடந்ததற்குப் படுங்கள். 1955இல் அதே நீதிமன்றம் எப்போதைக்குள் என்று தேதி சொல்லாமல் 'நிதானம் தவறாத வேகத்தில்' செய்யுங்கள் என்று எழுதியது. தெற்கு அதில் நிதானத்தை மட்டும் எடுத்துக்கொண்டது. வர்ஜீனியாவின் பிரின்ஸ் எட்வர்டு மாவட்டம், ஐந்து வழக்குகளில் ஒன்று கிளம்பிய ஊர், 1959இல் அரசுப் பள்ளிகளையெல்லாம் இழுத்து மூடி 1964 வரை திறக்கவில்லை. தீர்ப்பு வந்து பத்து வருடம் ஆகும்போதும் உள்நாட்டுப் போரின்போது பிரிந்து போன பழைய தெற்குக் கூட்டமைப்பின் பதினோரு மாநிலங்களில் வெள்ளைப் பிள்ளைகளோடு படித்த கறுப்பினப் பிள்ளைகள் நூற்றுக்கு இரண்டு பேர்கூட இல்லை.

டிலெய்ன் பாதிரியாரின் வீடு 1951இல் எரிந்தது, 1955இல் அவர் தேவாலயம் எரிந்தது. அந்த ஆண்டு அக்டோபரில் இரவில் வந்து அவர் வீட்டின் மேல் சுட்டார்கள், அவரும் திருப்பிச் சுட்டார். கைது வாரண்ட் அவர் பேரில்தான் வந்தது. நியூயார்க்குக்குத் தப்பிப் போனவர் மறுபடி தென் கரோலினாவில் குடியேறவே முடியவில்லை. 1974இல் இறந்தார். அந்த வழக்கிலிருந்து அவரை விடுவித்தது 2000ஆம் ஆண்டில்.