சின்னத் தியேட்டர் ஒன்றின் டிஜிட்டல் சர்வருக்கு எத்தனை டெராபைட் தேவை?

இரண்டு திரை உள்ள தியேட்டர் ஒன்றைப் புதுப்பிக்கிறீர்கள். படங்களைச் சேமித்து ஓட்டும் சர்வருக்கு 2 டெராபைட் போதும் என்கிறார் ஒருவர். 4கே புரொஜெக்டர் என்றால் 2கேயைவிட நான்கு மடங்கு புள்ளிகள், ஆகவே இடமும் நான்கு மடங்கு வேண்டும் என்கிறார் இன்னொருவர். யார் சொல்வது சரி என்பதுதான் உங்கள் கேள்வி. நான் கொழும்பில் பதினொரு வருடமாகப் புரொஜெக்டர் அறையில் வேலை செய்கிறேன். என்னைக் கேட்டால் இருவர் சொல்வதும் பிழை.

முதலில் அந்த 4கே பயத்தைத் தீர்த்துவிடுவோம். டிஜிட்டல் சினிமா விதிப்படி நொடிக்கு 24 பிரேம் ஓடும் படத்தில் காட்சிக்கான உச்ச வேகம் 250 மெகாபிட். 2கே என்றாலும் 4கே என்றாலும் இதே எல்லைதான். சாதாரண 3டி படமும் இரண்டு கண்ணுக்கும் சேர்த்து இதற்குள்ளேதான் அடங்கவேண்டும். எட்டு பிட் ஒரு பைட் என்று ஒரு மணி நேரத்துக்குக் கணக்குப் போட்டால் 112.5 கிகாபைட் வருகிறது. ஒலியைச் சுருக்காமல் அப்படியே வைப்பார்கள், ஆனாலும் ஆறு சானலுக்கு மணிக்கு 3 கிகாபைட் அளவில்தான் வரும். ஆகவே இரண்டே முக்கால் மணி நேரத் தமிழ்ப் படம் ஒன்று எவ்வளவு கொழுத்தாலும் 320 கிகாபைட்டைத் தாண்டாது. அந்த உச்சம் வரை போகிற படமும் குறைவு. நான் ஏற்றியவற்றில் அநேகமானவை 150க்கும் 220க்கும் இடையில்தான் இருந்தன.

அப்படியானால் 2 டெராபைட்டில் பத்துப் படம் வைக்கலாமே என்று தோன்றும். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

எங்கள் ஊர் நடைமுறை வேறு. ஒரே திரையில் காலையில் சிங்களப் படம், மத்தியானம் தமிழ்ப் படம், பின்னேரம் ஆங்கிலப் படம், இரவு திரும்பவும் தமிழ் என்று ஓடும். அப்போதே மூன்று படம் உள்ளே இருக்கிறது. வெள்ளிக்கிழமை வரப்போகும் இரண்டு படத்தை வியாழக்கிழமையே ஏற்றவேண்டும். கே.டி.எம். என்கிற திறப்புக் கோப்பின் தவணை முடிந்த படங்களும் உள்ளேதான் கிடக்கும். திறப்பு காலாவதியானால் படம் ஓடாது, ஆனால் இடத்தை விட்டும் போகாது. அழித்துவிடலாம்தான். ஆனால் முதலாளி, "தம்பி, அடுத்த கிழமை திரும்பவும் போடச் சொல்லிக் கேட்டாலும் கேட்பாங்கள், கொஞ்சம் பொறும்" என்பார். படம் வந்த டிஸ்க்கோ திங்கட்கிழமையே அடுத்த ஊருக்குப் போயிருக்கும். பிறகு விளம்பரங்கள். இரண்டரை நிமிட டிரெய்லர் ஒன்று உச்ச வேகத்தில் வந்தால் நாலரை கிகாபைட்டுக்கு மேல் போகும். அதை அழிக்க யாருக்கும் ஞாபகம் வருவதில்லை. ஒருமுறை துப்புரவு செய்தபோது, எப்போதோ மூடிவிட்ட நகைக்கடை ஒன்றின் விளம்பரம் மூன்று பிரதியாகக் கிடந்தது.

இட நெருக்கடி வந்தால் என்ன நடக்கும் என்பதற்கு என் கதையையே சொல்கிறேன். ஆங்கிலப் படம் ஒன்று, கூடவே அதன் தமிழ் டப்பிங். அன்று வியாழன் இரவு, சர்வரில் 60 கிகாபைட்தான் மிச்சம். ஆங்கிலக் காட்சிகள் அன்றோடு முடிந்துவிட்டதால் ஆங்கிலப் பிரதியை அழித்தேன். அடுத்த நாள் பத்தரைக் காட்சிக்குத் தமிழ்ப் பிரதியைப் பட்டியலில் போட்டால் பெயர் சிவப்பாக நிற்கிறது. தமிழ்ப் பொதியில், அதாவது தமிழ்ப் பிரதிக்கென்று வந்த கோப்புகளில், இருந்தது ஒலி மட்டும். படம் முழுக்க ஆங்கிலப் பொதியிலிருந்துதான் வாசிக்கப்பட்டிருக்கிறது. பெயரின் கடைசியில் ஓ.வி. என்று இருந்தால் மூலம், வி.எஃப். என்று இருந்தால் மூலத்தில் தொங்கும் பிரதி. இது எனக்குத் தெரியாததில்லை, களைப்பில் கவனிக்கவில்லை. சில சர்வர்கள் இப்படி அழிக்க விடாது. எங்கள் பழசு "அழிக்கவா?" என்று ஒரு தடவை கேட்டது, நான் ஓம் என்றேன், அவ்வளவுதான். டிஸ்க் முதல் நாள் இரவு பஸ்ஸிலேயே மட்டக்களப்புக்குப் போய்விட்டது. நல்லகாலம், இரண்டாம் திரையின் சர்வரில் அதே படம் இருந்தது. நெட்வொர்க் வழியாக 180 கிகாபைட்டை இழுத்து முடிக்க முக்கால் மணி நேரம். சனம் கன்டீனில் வடையைத் தின்று தீர்த்தார்கள்.

சரி, டிஸ்க் வாங்கும் விசயம். பெட்டியில் எழுதியிருக்கும் அளவை நம்பவேண்டாம். ஒரு டிஸ்க் பழுதானாலும் படம் தப்பும்படி பல டிஸ்க்கைச் சேர்த்து வைக்கும் ரெய்ட் 5 முறையில் மூன்று 2 டெராபைட் டிஸ்க் போட்டால் ஒன்றின் அளவு பாதுகாப்புக்குப் போய்விடும். மிச்சம் 4. கொம்பியூட்டர் எண்ணும் முறையில் அது 3.6 என்றுதான் காட்டும். அந்த ஒரு டிஸ்க்கை வீண் என்று நினைக்காதீர்கள். 2022 மார்ச் கடைசியில் பதின்மூன்று மணி நேரம் வரை கரண்ட் வெட்டினார்களே, அந்த நாட்களில் யூ.பி.எஸ். தாங்காமல் சர்வர் பல தடவை சட்டென்று நின்றது. ஒரு நாள் ஒரு டிஸ்க்கில் செம்மஞ்சள் விளக்கு எரிந்தது, ஆனால் படம் நிற்கவில்லை. மாற்று டிஸ்க்குக்கு அலைந்தால் டொலர் விலை ஏறி, கேட்ட விலை தலையைச் சுற்றவைத்தது. மலிவாக இருக்கிறதே என்று வீட்டுக் கொம்பியூட்டருக்கான டிஸ்க் ஒன்றை வாங்கிப் போட்டேன். சர்வர் அதை ஏற்கவே இல்லை. தயாரிப்பாளர் ஒப்புக்கொண்ட மொடல் பட்டியலைப் பார்க்காதது என் பிழை. சரியான டிஸ்க் கிடைத்துத் திரும்பக் கட்டி முடிய ஓர் இரவு முழுக்கப் போனது. அந்த இரவில் இன்னொரு டிஸ்க் போயிருந்தால் எல்லாப் படமும் போயிருக்கும்.

ஆகவே என் கணக்கு இது: ஓடும் படங்களோடு அடுத்த வெள்ளிக்கான படங்களையும், அழிக்கத் துணியாத இரண்டு படங்களையும் கூட்டி, ஒன்றுக்கு 220 கிகாபைட் வைத்துப் பெருக்குங்கள். விளம்பரத்துக்கு 200 கிகாபைட் சேருங்கள். வந்த தொகையில் ஐந்தில் ஒரு பங்கைக் காலியிடமாகக் கூட்டுங்கள். எங்களைப் போல மூன்று ஓடும் படம், இரண்டு புதுப் படம், இரண்டு பழசு என்றால் ஏறத்தாழ 2.1 டெராபைட் வரும். 2 டெராபைட்டில் அது அடங்காது, அதனால் ஒரு திரைக்கு மேலே சொன்ன மூன்று டிஸ்க் போட்டுப் பாவிக்கக்கூடிய இடம் 4 டெராபைட் வைத்தால் போதும். 8 வாங்க வைத்திருக்கும் காசில் நல்ல யூ.பி.எஸ். ஒன்றையும், அதே மொடலில் உபரி டிஸ்க் ஒன்றையும், இரண்டு சர்வரையும் இணைக்கும் கிகாபிட் சுவிட்ச் ஒன்றையும் வாங்குங்கள். உபரி டிஸ்க்கை புரொஜெக்டர் அறை அலுமாரியிலேயே வையுங்கள், ஒபிஸில் வைத்தால் ஞாயிற்றுக்கிழமை சாவி கிடைக்காது.