ஒரு பாதம் சிவப்பு, மற்றது நீலம்

கேள்வி: அப்பாவுக்கு 64 வயது. 15 வருடமாகச் சீனி வருத்தம். கனடாவில் இருக்கும் அண்ணா, போனில் மாட்டும் வெப்பக் கெமரா ஒன்று அனுப்பியிருக்கிறார். அதில் அப்பாவின் இடது பாதம் சிவப்பாகவும் வலது பாதம் நீலமாகவும் தெரிகிறது. நோவு எதுவும் இல்லை என்கிறார். பயப்பட வேண்டுமா டொக்டர்?
– வாசகி, வெள்ளவத்தை

பதில்: நிறத்தை விடுங்கள், எண்ணைப் பாருங்கள். படத்தில் அதிகச் சூடான இடத்துக்குச் சிவப்பு, குறைந்த இடத்துக்கு நீலம் என்று மென்பொருள் தானாகவே பூசிவிடும். அரைப் பாகை வித்தியாசம்கூடப் பயங்கரமாகத் தெரியலாம். கெமரா எந்தக் கதிரையும் அனுப்புவதில்லை. தோல் எப்போதும் வெளிவிடும் அகச்சிவப்புக் கதிரை வாங்கிக் கணக்குப் போடுகிறது, அவ்வளவுதான். அதனால் எத்தனை முறை எடுத்தாலும் கெடுதல் இல்லை.

போனில் மாட்டும் கெமராக்கள் காட்டும் வெப்பநிலை 2, 3 பாகை பிழைக்கலாம். ஆனால் இரண்டு பாதங்களையும் ஒரே படத்தில் எடுத்தால், அவற்றுக்கிடையிலான வித்தியாசத்தை ஓரளவு நம்பலாம். பெருவிரலுக்குப் பெருவிரல், குதிக்குக் குதி என்று ஒரே இடங்களை ஒப்பிடுங்கள். 2.2 பாகை செல்சியஸுக்கு மேல் வித்தியாசம் அடுத்தடுத்த இரண்டு நாள் இருந்தால் அது எச்சரிக்கை. (அமெரிக்க ஆய்வுகளில் 4 பாகை பரனைட் என்று வைத்ததால்தான் இந்த விசித்திரமான எண்.) புண் வெடிப்பதற்கு முன்பே அழுத்தம் பட்ட இடத்தில் அழற்சி தொடங்கி, அந்த இடம் சூடேறும். அதைப் பிடிப்பதுதான் நோக்கம்.

எடுக்கும் விதமும் முக்கியம். குளித்த கையோடு, நடந்து வந்த கையோடு, சித்தாலேப தைலம் பூசிய கையோடு எடுக்காதீர்கள். செருப்பு, சொக்ஸ் கழற்றி, குளிர்ந்த டைல்ஸில் பாதம் படாமல் கால் நீட்டி 15 நிமிடம் இருக்கட்டும். ஏசியோ மின்விசிறியோ ஒரு காலில் மட்டும் அடிக்கக்கூடாது. கொழும்பு வீடுகளில் பாதிப் 'பிரச்சினை' இதிலேயே தீர்ந்துவிடும்!

வித்தியாசம் அப்படியும் நீடிக்கிறதா? இடது கால் சூடு என்று நீங்கள் நினைக்கிறீர்கள். வலது கால்தான் இரத்த ஓட்டம் குறைந்து குளிர்ந்திருக்கவும் கூடும். எந்தக் காலில் குறை என்பதைப் படம் சொல்லாது. அதற்கு ஒரு வைத்தியர் இரண்டு காலிலும் நாடி தொட்டுப் பார்க்க வேண்டும். தேவைப்பட்டால் கையிலும் கணுக்காலிலும் இரத்த அழுத்தம் எடுத்து ஒப்பிடுவார்.

அப்பாவுக்கு நோவில்லை என்பதை நல்ல செய்தியாக எடுத்துக்கொள்ளாதீர்கள். 15 வருடச் சீனியில் பாத நரம்புகள் மரத்திருக்கலாம். எலும்பு மூட்டுகள் நொறுங்கத் தொடங்கும் 'சார்க்கோ பாதம்' என்ற நிலையிலும் கால் சூடாகி, சிவந்து, வீங்கும். நோவு குறைவாகவோ இல்லாமலோ இருக்கும். ஆரம்பத்தில் எக்ஸ்ரே சாதாரணமாகவே வரலாம். வீக்கம் இருந்தால் கிளினிக் திகதி வரும்வரை காத்திருக்காமல் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள். அந்தக் காலை ஊன்ற விடாதீர்கள். புண், கறுத்த விரல், காய்ச்சல் இருந்தாலும் அப்படித்தான். இது எதுவும் இல்லாமல் வித்தியாசம் மட்டும் நீடித்தால், நடையைக் குறைத்து இந்த வாரத்துக்குள் காட்டுங்கள்.

சுடுதண்ணி ஒத்தடம் வேண்டவே வேண்டாம், மரத்த கால் வெந்துபோனாலும் தெரியாது. கோயில் வீதியில் வெயிலுக்குள் வெறுங்காலோடு நடப்பதும் அதே ஆபத்துத்தான். முருகன் கோபிக்கமாட்டார்.

இதே கெமராவில் மார்புப் புற்றுநோயும் பார்க்கலாமா என்று சிலர் கேட்கிறார்கள். கூடாது. மமோகிராமுக்கு (மார்பை எடுக்கும் எக்ஸ்ரே) அது மாற்றில்லை என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2019இல் எச்சரித்திருக்கிறது.

வைத்தியரிடம் போகும்போது படங்களைத் திகதியோடு கொண்டுபோங்கள். அப்பா தினமும் போடும் செருப்பையும் எடுத்துச் செல்லுங்கள். எங்கே அழுத்துகிறது என்பது பல வேளைகளில் அதன் தேய்மானத்திலேயே தெரிந்துவிடும்.